எண்பத்தைந்துக்குப் பிறகு

எண்பத்தைந்தில் நிற்கவில்லை. நின்றுவிடும் என்றுதான் நினைத்தேன். ‘அடுத்து’ என்பதை அமுக்கினேன், திரை ஒரு கணம் வெளுத்தது, இயேசுவே நின்றுவிடட்டும் என்று கண்ணை மூடித் திறப்பதற்குள் மேல் மூலையில் எண்பத்தாறு என்று வந்து உட்கார்ந்துவிட்டது. சர்க்கரை நோயாளி, வயது அறுபத்திரண்டு, காலில் ஆறாத புண், வீட்டுக்கு அனுப்பும்போது அவருக்கு என்னென்ன சொல்லி அனுப்புவீர்கள். சொல்லி அனுப்புகிறேன் ஐயா, முதலில் என்னை யாராவது வீட்டுக்கு அனுப்புங்கள். கை மவுஸின் மேல் வேர்க்கிறது, ஏசி குளிரில் தோள் நடுங்குகிறது, ஒரே உடம்பில் இரண்டு சீதோஷ்ணம். சென்னையில் ஒரு கண்ணாடிக் கட்டிடத்தின் நாலாம் மாடி, ஜன்னல் இல்லாத அறை, பலகையால் தடுத்த பன்னிரண்டு பெட்டிகள், ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு ஆள், ஒவ்வொரு ஆளுக்கும் வேறு வேறு பரீட்சை. எனக்கு இடது பக்கத்தில் இருப்பவன் ஏதோ கணக்குப் பரீட்சை எழுதுகிறான், கீபோர்டை அடிஅடியென்று அடிக்கிறான், ஹெட்போன் மாட்டியும் கேட்கிறது. உள்ளே விடும்போது உள்ளங்கையை ஒரு கருவியின் மேல் வைக்கச் சொன்னார்கள், நரம்பைப் படமெடுக்கிறதாம். பதினாறு வருடமாக ஊரார் கையில் நரம்பைத் தேடித்தேடி ஊசி போட்டவள் நான், என் நரம்பை அந்தப் பெட்டி ஒரு நொடியில் கண்டுபிடித்துவிட்டது. பெயர் ஹெப்சிபா, வயது முப்பத்தெட்டு, பாளையங்கோட்டையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஐசியு நர்ஸ், அமெரிக்க நர்ஸ் லைசென்ஸ் பரீட்சை, இரண்டாவது முறை. இதெல்லாம் அந்தப் பெட்டிக்குத் தெரியும். எண்பத்தாறாவது கேள்விக்கு நாலு விடை, காலைத் தினமும் கண்ணாடி வைத்துப் பார்க்கச் சொல்வேன் என்பது இரண்டாவது, அதை அமுக்கினேன். எண்பத்தேழு.

எண்பத்தைந்து என்பது குறைந்தபட்சம். அதிகபட்சம் நூற்றைம்பது. ஐந்து மணி நேரம். நடுவில் எங்கே வேண்டுமானாலும் கம்ப்யூட்டர் தானாக நின்றுவிடும், நின்றால் உன்னைப் பற்றி முடிவு செய்துவிட்டது என்று அர்த்தம், என்ன முடிவு என்று சொல்லாது, எழுந்து போக வேண்டியதுதான். எங்கள் வாட்ஸப் குரூப்பில் இருநூற்றுச் சொச்சம் சிஸ்டர்கள், ஒவ்வொருத்திக்கும் ஒரு கண்டுபிடிப்பு. எண்பத்தைந்தில் நின்றால் பாஸ். தாண்டினால் சந்தேகம். நூற்றைம்பது போனால் பெட்டியைக் கட்டு. சரியானதையெல்லாம் டிக் செய்யச் சொல்லும் கேள்வி நிறைய வந்தால் நீ மேலே இருக்கிறாய். சுலபமான கேள்வி வந்தால் கீழே போய்விட்டாய். கடைசிக் கேள்வி சரியென்றால் பாஸ், தப்பென்றால் பெயில். இதில் ஒன்றுக்கும் ஆதாரம் கிடையாது, ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு அக்காவின் நாத்தனார் சாட்சி இருக்கிறாள். எங்கள் கோச்சிங் பென்சிகர் சார் தலையில் அடித்துக்கொள்வார். “கம்ப்யூட்டருக்கு உங்க மேல கோவமும் இல்ல, பிரியமும் இல்ல சிஸ்டர். அதுகிட்ட ஒரு கோடு இருக்கு. நீங்க கோட்டுக்கு மேலயா கீழயான்னு நூத்துக்குத் தொண்ணூத்தஞ்சு உறுதியாத் தெரிஞ்சா நிறுத்திரும். தெரியலன்னா இன்னும் கேக்கும். மேல போறவனும் சீக்கிரம் முடிப்பான், கீழ போறவனும் சீக்கிரம் முடிப்பான். கோட்டுப் பக்கத்துல நிக்கிறவனுக்குத்தான் நீளும்.” குரூப்பில் மெர்சி என்று ஒருத்தி, எண்பத்தைந்தில் நின்றது என்று கேக் வெட்டினாள், கிரீமைத் தன் மூக்கில் பூசி ஸ்டேட்டஸ் போட்டாள், பெயில். அதற்குக் குரூப் சொன்ன விளக்கம், அவள் ஜெபம் பண்ணாமல் போனாள் என்பது. நான் சாரை நம்புகிறேன். மண்டை நம்புகிறது. வயிறு நம்பவில்லை, வயிறு இன்னும் வாட்ஸப் குரூப்பில்தான் இருக்கிறது.

தொண்ணூற்றொன்று, காய்ச்சல் குழந்தை. தொண்ணூற்றிரண்டு, மூச்சுத் திணறல், எது முதலில், படுக்கையின் தலைப்பக்கத்தை உயர்த்து, இது மட்டும் தெரியும், இது எந்த தேசத்திலும் ஒன்றுதான். காலையில் அறுபத்திரண்டாவது கேள்வி கை கழுவுவதைப் பற்றி வந்தபோது எனக்கு உயிரே போய்விட்டது. கை கழுவுவதா, என்னிடமா, அவ்வளவு கீழேயா இறக்கிவிட்டாய் என்று திரையைப் பார்த்துக் கேட்டேன், சத்தமில்லாமல்தான், கேமரா இருக்கிறது. எண்ணிக்கையில் சேராத பதினைந்து கேள்விகள் நடுவில் கலந்திருக்கும், வருகிற வருஷத்துக்காகச் சும்மா போட்டுப் பார்ப்பது, எது என்று சொல்ல மாட்டார்கள், ஒருவேளை கை கழுவல் அதில் ஒன்றாக இருக்கலாம் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். சமாதானம் இரண்டு கேள்விக்குத்தான் தாங்கியது. இந்த மெஷினின் வேலையே இதுதான், சரியாகச் சொன்னால் கொஞ்சம் கடினமானதைக் கொடுக்கும், தப்பாகச் சொன்னால் கொஞ்சம் இளகும், கடைசியில் எங்கே பாதி தெரியுமோ பாதி தெரியாதோ அந்த இடத்தில் கொண்டுபோய் நிறுத்தி, அங்கேயே வைத்துக் கேட்டுக்கொண்டிருக்கும். பாஸாகிறவளுக்கும் ஏறக்குறைய பாதிதான் சரியாகிறது, எந்தப் பாதி என்பதில்தான் வித்தியாசம். முப்பத்தைந்து எடுத்தால் பாஸ் என்று வளர்ந்த எனக்கு இது புரிவதற்கே ஆறு மாதம் ஆனது. எழுதும் எல்லாருக்கும் தோற்கிற மாதிரியேதான் இருக்கும் என்று சார் சொன்னார். அது ஆறுதலா? தோற்கிறவளுக்கும் அப்படித்தானே இருக்கும். கீழே டீக்கடையில் என் வீட்டுக்காரர் உட்கார்ந்திருப்பார், மூன்றாவது டீ ஆகியிருக்கும், செய்தித்தாளை ஒரு எழுத்து விடாமல் படித்திருப்பார். நேற்று ரயிலில், “இந்தத் தடவ நின்னுரும்ளா, பாரு,” என்றார். எண்பத்தைந்தில் என்று அர்த்தம். அவரும் குரூப்பில் இல்லாத உறுப்பினர்.

போன முறையும் இப்படித்தான் தாண்டியது. எண்பத்தாறு வந்ததும் மனசு விட்டுப்போயிற்று, அவ்வளவுதான் என்று தோன்றிவிட்டது, அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு கேள்விக்கும் படிக்காமல் முதல் விடையையே அமுக்கினேன். டப், டப், டப். சீக்கிரமே எங்கேயோ நின்றது, எண்ணைக்கூடப் பார்க்கவில்லை, எழுந்து வந்துவிட்டேன். பிறகு முடிவோடு ஒரு தாள் அனுப்பினார்கள், எந்தெந்தப் பாடத்தில் கோட்டுக்கு மேலே, பக்கத்தில், கீழே என்று. அத்தனை டப்புக்குப் பிறகும் பாதிக்கு மேல் ‘பக்கத்தில்’ என்று இருந்தது. பென்சிகர் சார் அதை இரண்டு முறை படித்துவிட்டு, “என்ன சிஸ்டர் செஞ்சீங்க, நல்லாத்தான போயிருக்கு,” என்றார். எண்பத்தைந்தைத் தாண்டியதால் பயந்துவிட்டேன் சார் என்றேன். வீட்டிலும் அதைத்தான் சொன்னேன். மேட்ரனிடமும் அதைத்தான் சொன்னேன். எல்லாருக்கும் அது உடனே புரிந்தது. இந்த முறை விட்டால் அவ்வளவுதான், அமெரிக்காவிலிருந்து வேலை ஓலை கொடுத்த ஆஸ்பத்திரி இந்த மாதக் கடைசிக்குள் பாஸ் இல்லையென்றால் கோப்பை மூடிவிடுவோம் என்று கடிதம் போட்டுவிட்டது. என் படிப்புச் சான்றிதழ் அத்தனையும் மூலப்பிரதியாக எங்கள் ஆபீஸ் பீரோவில் பூட்டிக் கிடக்கிறது, வேலைக்குச் சேரும்போது வாங்கி வைத்துக்கொள்வார்கள், ஓடிவிடக் கூடாதாம். போனால் பீரோ திறக்கும். இல்லையென்றால் அதே ஐசியு, அதே எட்டு பெட், அதே ஆறாம் நம்பர் பெட். வேண்டாம், ஆறாம் நம்பரை இப்போது நினைக்காதே. தொண்ணூற்றெட்டு என்ன கேட்கிறது என்று பார்.

தொண்ணூற்றெட்டு, நூறு, நூற்றுநாலு. நூற்றுக்கு மேல் கேள்வி கேட்டும் முடிவு செய்ய முடியாமல் என்னிடம் யாரும் இவ்வளவு நேரம் செலவழித்தது இல்லை. பெண் பார்க்க வந்தவர்கள் மூன்று கேள்வி கேட்டார்கள், எந்தச் சபை, எந்த ஆஸ்பத்திரி, பாடுவாயா. பாட மாட்டேன் என்றேன், பரவாயில்லை என்று முடிவு செய்துவிட்டார்கள். வேலைக்கு எடுத்தபோது இரண்டு கேள்வி. இந்தப் பெட்டி மட்டும் பிடிவாதமாகக் கேட்டுக்கொண்டே இருக்கிறது, இவள் எப்படிப்பட்டவள், இவளை நம்பலாமா, இவள் கையில் ஒரு நோயாளியைத் தனியாக விட்டுவிட்டுப் போகலாமா. சார் ஒருநாள் சொன்னார், அந்தக் கோடு அறிவாளிகளைப் பொறுக்குகிற கோடு இல்லை சிஸ்டர், ஆபத்து இல்லாதவர்களைப் பொறுக்குகிற கோடு என்று. அன்றைக்கு எனக்கு அதற்குப் பிறகு எதுவும் காதில் விழவில்லை, பக்கத்திலிருந்தவள் நோட்டைப் பார்த்துத்தான் மீதியை எழுதினேன். நூற்றுப்பத்து. கொஞ்ச நேரம் ஓய்வு எடுத்துக்கொள்ளலாம், எடுத்தால் வெளியே போய் மறுபடி உள்ளங்கை, மறுபடி பாக்கெட்டைக் கவிழ்த்துக் காட்டு, வேண்டாம். கழுத்து வலிக்கிறது. அழித்து எழுதும் அட்டையில் நான் இதுவரை ஒரே ஒரு சிலுவை போட்டு வைத்திருக்கிறேன், வேறொன்றும் இல்லை. நூற்றுப்பதினாறு, காது. நூற்றுப்பதினேழு.

நூற்றுப்பதினேழை வெளியே சொல்லக் கூடாது என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன், மனசுக்குள் சொல்வதற்குத் தடையில்லை. நோயாளிக்கு வயிற்றுப்போக்கு, ரத்தத்தில் பொட்டாசியம் குறைவு, டாக்டர் பொட்டாசியம் குளோரைடை நரம்பில் நேராகச் செலுத்தும்படி எழுதியிருக்கிறார், நர்ஸ் என்ன செய்ய வேண்டும். ஒன்று, எழுதியபடி செலுத்துவது. இரண்டு, தானாகவே ஒரு பாட்டில் சலைனில் கலந்து சொட்டுச்சொட்டாக ஏற்றுவது. மூன்று, கொடுக்காமல் நிறுத்தி, எழுதிய டாக்டரை அழைத்து உத்தரவைக் கேள்வி கேட்பது. நாலு, ஒரு மணி நேரம் கழித்துப் பொட்டாசியத்தை மறுபடி சோதிப்பது. வந்துவிட்டாயா. திரும்பவும் வந்துவிட்டாயா. போன முறை எண்பத்து மூன்றில் வந்தாய், இப்போது நூற்றுப்பதினேழில் வருகிறாய், அன்றைக்கு அவர் காலரா மாதிரிப் போக்கு என்றாய், இன்றைக்கு வெறும் போக்கு என்கிறாய், ஆள் அதே ஆள்தான். ஆறாம் நம்பர் பெட். துரைப்பாண்டி, ஐம்பத்திரண்டு வயது, மூன்று நாள் போக்கு, பெரிய மீசை, மகள் திருமணப் பத்திரிகையைத் தலையணைக்கு அடியில் வைத்திருந்தார், எனக்கும் ஒன்று கொடுத்தார். பொட்டாசியத்தை நேராக நரம்பில் ஏற்றினால் இருதயம் நின்றுவிடும், இது எங்களுக்கு அரிச்சுவடி. டூட்டி டாக்டர் எழுதியிருந்தது, ஒரு ஆம்பூல் நரம்பில், காலை ஒன்பது, மாலை நாலு. அவ்வளவே. பாட்டில் இல்லை, எவ்வளவு நேரம் என்று இல்லை. கேட்டேன். கேட்காமல் இல்லை, ஒருமுறை கேட்டேன். “சார், பாட்டில்ல போடவா?” “நீ டாக்டரா நான் டாக்டரா?” என்றார், எட்டு பெட்டுக்கும் கேட்கும்படி. சரி சார் என்றேன்.

சரி சார் என்று சொல்லிவிட்டு என்ன செய்வோம் என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும், எந்தப் புத்தகத்திலும் இருக்காது. டாக்டரின் தப்பைக் கையில் திருத்துவோம், தாளில் திருத்த மாட்டோம். பாட்டிலில் கலந்து நாலு மணி நேரம் சொட்டவிட்டேன், பக்கத்திலேயே நின்று மானிட்டரைப் பார்த்தேன், சார்ட்டில் ‘உத்தரவின்படி கொடுக்கப்பட்டது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பாட்டில் என்று எழுதினால் உத்தரவில்லாமல் கலந்தது யார் என்று ரவுண்ட்ஸில் கிழிப்பார். நோயாளி பிழைத்தார், டாக்டரின் மானம் பிழைத்தது, எனக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை, அதை மறைப்பானேன், நல்ல பெருமை. அப்படி எத்தனை பேரைக் காப்பாற்றியிருப்பேன், எத்தனை டாக்டர்களைக் காப்பாற்றியிருப்பேன். மத்தியானம் இரண்டு மணிக்கு டூட்டி மாற வேண்டும். அடுத்த டூட்டிக்கு ஐசியுவில் ஆள் இல்லை என்று பிரசவ வார்டிலிருந்து ரூபியை இரண்டு நாளைக்கு அனுப்பியிருந்தார்கள். என்னைவிட எட்டு வயது இளையவள், பிள்ளைகளைக் குளிப்பாட்டுவதில் கெட்டிக்காரி, பொட்டாசியம் ஆம்பூலை அதற்கு முன் கையில் தொட்டிருப்பாளோ என்னவோ. எனக்கு இரண்டரைக்குக் கோச்சிங் வகுப்பு. இந்தப் பரீட்சைக்கான கோச்சிங்தான். பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். ஹேண்ட்ஓவரில் ஒவ்வொரு பெட்டாகச் சொல்லிக்கொண்டே போனேன், ஆறாம் நம்பரில், “போக்கு, நேத்தைக்கு இன்னைக்குத் தேவல, நாலு மணிக்கு ஒரு மருந்து இருக்கு, சார்ட்டப் பாத்துக்க,” என்றேன். சார்ட்டப் பாத்துக்க. அவள் பார்த்தாள். அதில் எழுதியிருந்ததைப் பார்த்தாள், காலையில் உத்தரவின்படி கொடுக்கப்பட்டது, ஹெப்சிபா. ஐசியுவில் பதினோரு வருடமாக இருக்கிற அக்காவே கொடுத்திருக்கிறாள் என்று நாலு மணிக்கு அவளும் உத்தரவின்படி கொடுத்தாள். நான் அப்போது வகுப்பில் மூன்றாவது பெஞ்சில் இருந்தேன்.

விசாரணை, துரைப்பாண்டி இறந்த நாலாம் நாள். மேட்ரன், பெரிய டாக்டர், மேனேஜர். என்னிடம் மூன்று கேள்வி. காலையில் எப்படிக் கொடுத்தாய்? பாட்டிலில் சொட்டாக, எல்லாருக்கும் தெரிந்ததுதானே. ரூபியிடம் அதைச் சொன்னாயா? மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது, டூட்டி டாக்டர் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார், எனக்கு என் பெயர் எழுதிய சார்ட் மட்டும் தெரிந்தது. சொன்னேன் மேடம், ஹேண்ட்ஓவரில் சொன்னேன் என்றேன். மூன்றாவது கேள்வி, நன்றாக ஞாபகம் இருக்கிறதா? இருக்கிறது மேடம். அவ்வளவுதான், நிறுத்திவிட்டார்கள், நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து உறுதி. பிறகு ரூபியைக் கேட்டார்கள். அவள் என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன், பாடத்தைத் தேடுகிற பிள்ளை மாதிரிப் பார்த்தாள். “அக்கா சொல்லிருப்பாங்க மேடம். எனக்குத்தான் ஞாபகம் இல்ல,” என்றாள். அன்றைக்கே அவள் சான்றிதழ்களைப் பீரோவிலிருந்து எடுத்துக் கையில் கொடுத்துவிட்டார்கள். நாலு வருடம் ஆகிறது. ஊரில், உடன்குடியில், ஒரு ஜெராக்ஸ் கடையில் நிற்கிறாள். தனக்கு மறதி என்று நம்பிவிட்டாள். கேஸ் அடுப்பை அணைத்தோமா என்று பாதி வழியில் திரும்பி வருவாள், பத்து காப்பி எடுத்தால் மூன்று தரம் எண்ணுவாள், பெற்ற பிள்ளையைக் குளிப்பாட்டக்கூட மாமியாரைக் கூட நிற்கச் சொல்கிறாள், தண்ணீர்ச் சூட்டை மறந்துவிடுவாளாம். தலைக்கு ஸ்கேன் எடுத்துப் பார்த்தாள், ஒன்றும் இல்லை என்றார்கள், அதையும் நம்பவில்லை. இதையெல்லாம் என்னிடம்தான் சொல்வாள். அந்த ஆஸ்பத்திரியில் அவளோடு இன்னும் பேசுகிற ஒரே ஆள் நான். நீங்க ஒருத்தர்தான்க்கா என்ன ஒதுக்கல என்பாள். பேசுவேன், ஏன் பேசுகிறேன், அவளுக்கு எதுவும் ஞாபகம் வந்துவிட்டதா என்று பார்க்கத்தானே பேசுகிறேன்.

எண்பத்தைந்தைத் தாண்டியதால் பயந்தேன் என்பது நான் ஊருக்குச் சொன்ன கதை. போன முறை எண்பத்து மூன்றில் இதே கேள்வி வந்தது, மூன்றாவதுதான் சரி என்று தெரிந்தும் இரண்டாவதை அமுக்கினேன், வீம்பு, நான் செய்ததில் தப்பில்லை என்று அந்தப் பெட்டியிடமாவது சொல்லிவிட வேண்டும் போல ஒரு வெறி. அமுக்கிய பிறகு பின்னால் போய்த் திருத்த முடியாது, இந்தப் பரீட்சையில் ஒரு கேள்வியைத் தாண்டிவிட்டால் திரும்பவே முடியாது. அப்புறம் எண்பத்தாறு வந்தபோது, இதற்கு எல்லாம் தெரிந்துவிட்டது, அதனால்தான் விடமாட்டேன் என்கிறது என்று தோன்றியது. அதன் பிறகுதான் டப், டப், டப். இப்போதும் விரல் அதற்குத்தான் துடிக்கிறது. முதல் விடை, முதல் விடை, பத்து நிமிஷத்தில் வெளியே, என்னைப் பெயிலாக்கு, நான் ஆபத்தானவள் என்று ஒரு தாளில் எழுதி அனுப்பு, வாங்கிக்கொள்கிறேன். அது தண்டனையா? யாருக்குத் தண்டனை? நான் பெயிலானால் உடன்குடியில் ரூபிக்கு ஒரு காப்பி எண்ணுவது குறையுமா. பாஸானால் மட்டும் என்ன, மூன்றாவதை அமுக்கி ஒரு மார்க் வாங்கி, வாழ்நாளில் ஒருமுறைகூடச் செய்யாத ஒன்றைச் செய்வேன் என்று சொல்லி லைசென்ஸ் வாங்கி, ஒரு கடலைத் தாண்டிப் போய் இன்னொரு ஆறாம் நம்பர் பெட்டின் முன்னால் நிற்பேன். அமுக்கினால் பொய், அமுக்காவிட்டால் அதைவிடப் பெரிய பொய். இரண்டு பக்கமும் சுவர். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கிற கண்காணிப்பாளப் பெண் என்னையே பார்க்கிறாள், உதடு அசைந்திருக்கும் போல. இரண்டாவது விடை கண்ணில் நிற்கிறது. பார், இவ்வளவு நாள் அதை ஒரு நல்ல காரியம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அது தப்பு விடையாக இருப்பதற்குக் காரணம் சட்டம், அதிகாரம், அமெரிக்காக்காரனுக்கு நம் கஷ்டம் தெரியாது என்றெல்லாம் சாரிடம் வாதாடியிருக்கிறேன். காரணம் அதெல்லாம் இல்லை. நாலு மணிக்கு வருகிறவளுக்கு அது தெரியாது, அதுதான் காரணம்.

மூன்றாவதை அமுக்கினேன். ஆறுதல் ஒன்றும் வரவில்லை. நூற்றுப்பதினெட்டு. படித்தேன், முழுவதும் படித்தேன். நூற்றிருபத்தைந்து வயிற்று ஆபரேஷன், நூற்றுமுப்பது மனநோயாளி கத்துகிறார், அவரிடம் என்ன பேசுவீர்கள். பாதி தெரிகிறது, பாதி தெரியவில்லை, தெரியாததை இரண்டாகக் குறைத்து ஒன்றை எடுக்கிறேன். நின்றுவிடுமோ என்ற பயம் போய், நிற்காதே, இன்னும் கேள், முழுவதும் கேட்டுவிட்டு முடிவு செய் என்று வந்துவிட்டது. மூன்று கேள்வியில் நிறுத்தியவர்களுக்கு அந்த நாலாவது கேள்வி மட்டும் தோன்றியிருந்தால், என்ன வார்த்தை சொன்னாய், அப்படியே சொல்லு என்று ஒருத்தர் கேட்டிருந்தால், நான் திணறியிருப்பேன். கேட்கவில்லை. இனிமேல் யாரும் கேட்கப் போவதும் இல்லை. நூற்று நாற்பது. இடது பக்கத்துக் கணக்குக்காரன் எழுந்து போய்விட்டான், அறை அமைதியாகிவிட்டது, என் மூச்சு எனக்கே கேட்கிறது. நூற்று நாற்பத்தேழில் கண் எரிந்தது, துடைத்துக்கொண்டு மறுபடி படித்தேன். நூற்றைம்பது, கர்ப்பிணி, தலைவலி, கால் வீக்கம். இது ரூபி சொல்லுவாள், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவாள், அவளுக்கு மறதி இருந்தாலும் சொல்லுவாள். ரத்த அழுத்தம் பார் என்பதை அமுக்கினேன். திரை அணைந்தது, பரீட்சை முடிந்தது என்று ஒரு வரி மட்டும் வந்தது. கை தூக்கினேன், அந்தப் பெண் வந்து அட்டையை வாங்கிக்கொண்டாள், என் சிலுவையை என்னைப் பார்த்துக்கொண்டே ஈரத்துணியால் துடைத்தாள்.

லாக்கரில் இருந்து போனை எடுத்து உயிர்ப்பித்தபோது ரூபியின் செய்தி முதலில் வந்தது, காலை ஆறு மணிக்கு அனுப்பியது, அக்கா இன்னைக்கு உங்களுக்காக உபவாசம் இருக்கேன். லிஃப்ட் வேண்டாம் என்று படியில் இறங்கினேன். வீட்டுக்காரர் வாசலிலேயே நின்றார், செய்தித்தாள் கக்கத்தில். “எத்தனையில நின்னுச்சு?” என்றார். “நூத்தம்பது.” அவர் முகம் ஒரு நொடி விழுந்தது, சட்டென்று எடுத்து நிறுத்திக்கொண்டார். நல்ல மனுஷன். “சரி விடு. என்ன இப்பம். டீ குடிக்கியா?” என்றார். “ஒரு போன் பேசிட்டு வாரேன், நீங்க சொல்லி வையுங்க,” என்றேன். ரோட்டோரம் ஒரு வேப்பமரத்துக்குக் கீழே பைக்குகளை நெருக்கி நிறுத்தியிருந்தார்கள், இரண்டு பைக்குக்கு நடுவில் போய் நின்றுகொண்டேன், அங்கேயிருந்து சுலபமாக ஓட முடியாது. ஒரே மணியில் எடுத்துவிட்டாள்.

“அக்கா! முடிஞ்சிட்டா? எத்தனையில நின்னுச்சு?”

“ரூபி, பக்கத்துல யாரும் இருக்காங்களா?”

“கடைலதான்க்கா நிக்கேன். கூட்டம் இல்ல. சொல்லுங்க, என்ன ஒரு மாதிரி பேசுதிய?”

ஜெராக்ஸ் மெஷின் ஓடும் சத்தம் கேட்டது. பாஸ், பெயில், ரிசல்ட் வர நாளாகும் என்று சொல்லி வைத்துவிடலாம், இன்னும் ஒரு விநாடிக்கு அதுவும் முடியும். “ரூபி, அன்னைக்கு ஹேண்ட்ஓவர்ல நான் உங்கிட்ட பாட்டில்ல கலக்கணும்னு சொல்லல. சொல்லவே இல்ல. சார்ட்டப் பாத்துக்கன்னு மட்டுந்தான் சொன்னேன். சார்ட்டுல எழுதினதும் பொய்யி. கமிட்டில சொன்னதும் பொய்யி.”

மெஷின் ஒரு தாளைத் தள்ளியது, இன்னொன்றைத் தள்ளியது. யாரோ, இன்னும் ரெண்டு காப்பி குடும்மா என்று கேட்டார்கள். திட்டு, ரூபி, திட்டிவிடு என்று நினைத்தேன். என்னிடம் கேட்கிற மாதிரி இல்லாமல், மெதுவாகக் கேட்டாள்.

“அப்பம் நான் மறக்கலியாக்கா?”